மண்டபத்திலிருந்து மீனவர் குப்பத்திற்கு

பள்ளிப் படிப்பை விட்டு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. கையில் ஒரு தொழில். வீட்டில் குழந்தை குட்டிகள். அப்படிப்பட்ட ஒருவருக்கு ஒருநாள், "அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் ஏன் இவ்வளவு ஏறுகிறது?" என்று ஒரு சந்தேகம் எழுகிறது. அவர் யாரிடம் போய்க் கேட்பார்? பள்ளிக்கூடத்தில் அவருக்கு இனி இடம் இல்லை. கல்லூரி வாசல் அவருக்குத் திறக்காது. புத்தகம் வாங்கிப் படிக்கலாம். ஆனால் புத்தகத்தை நிறுத்தி, "இது புரியவில்லை, இன்னொரு முறை சொல்" என்று கேட்க முடியாதல்லவா?

இத்தகையவர்களுக்காக உலகம் கண்டுபிடித்த எளிய ஏற்பாடுகள் இரண்டு. ஒன்று, யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கக்கூடிய விஞ்ஞானச் சொற்பொழிவு. மற்றொன்று, விஷயம் தெரிந்த ஒருவரோடு கூட்டமாகப் புறப்பட்டுச் சென்று நேரில் பார்த்துவரும் விஞ்ஞான உலா. இவற்றுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. முடிவில் பட்டமும் கிடையாது. ஆர்வம் ஒன்றுதான் தகுதி.

இவ்விரண்டும் எங்கே தோன்றின, நம் நாட்டுக்கு எப்படி வந்தன, சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள மீனவர் குப்பங்களில் இவற்றுக்கு என்ன வேலை இருக்கிறது என்பதை இங்கே பார்ப்போம்.

புத்தகம் தைத்த இளைஞர்

1799-ஆம் ஆண்டு லண்டனில் 'ராயல் இன்ஸ்டிட்யூஷன்' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. விஞ்ஞான அறிவைப் பொதுமக்களிடம் பரப்புவது அதன் நோக்கங்களில் ஒன்று. அங்கே ஹம்ப்ரி டேவி என்ற இரசாயன அறிஞர் நிகழ்த்திய சொற்பொழிவுகளுக்குக் கூட்டம் அலை மோதிற்று. குதிரை வண்டிகளின் நெரிசலைச் சமாளிக்க அந்தத் தெருவையே ஒருவழிப் பாதையாக்க வேண்டியிருந்ததாம்!

ஆனால் அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் செல்வந்தர்கள். 1812-இல் டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்க ஓர் ஏழை இளைஞருக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் ஒரு கொல்லரின் மகன். புத்தகங்களுக்கு அட்டை கட்டும் கடையில் தொழில் பழகியவர். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் நுழைவுச் சீட்டு கொடுத்து உதவினார். இளைஞர் கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, படம் வரைந்து, தம் கையாலேயே அட்டை கட்டி டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு டேவி அவரைத் தம் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அந்த இளைஞர்தான் மைக்கேல் பாரடே. இன்று நம் வீட்டு விளக்கு எரிவதற்கும் மோட்டார் ஓடுவதற்கும் அடிப்படையான மின்காந்தத் தூண்டலை 1831-இல் கண்டறிந்தவர் அவரே.

தாம் ஏறிவந்த ஏணியைப் பாரடே மறக்கவில்லை. 1820-களின் நடுவில் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளும், இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளும் தொடங்குவதற்கு அவரே முக்கியக் காரணர். ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் ஏற்றிவைத்துக்கொண்டு, சுடர், காற்று, நீர், மூச்சு என்று விஞ்ஞானத்தின் பெரும்பகுதியையும் அவர் விளக்கிய சொற்பொழிவுத் தொடர் உலகப் புகழ் பெற்றது.

அதே காலத்தில் உழைப்பாளிகளுக்கென்று தனி முயற்சியும் நடந்தது. ஜார்ஜ் பிர்க்பெக் என்ற மருத்துவர் கிளாஸ்கோ நகரில் கைவினைஞர்களுக்குப் பாடம் சொல்லி வந்தார். 1823-இல் லண்டனில் தொழிலாளர்களுக்கான கல்விச் சங்கம் ஒன்றை அமைத்தார். பகலெல்லாம் பட்டறையில் நின்றவர்கள் இரவில் அங்கே வந்து பாடம் கேட்டார்கள். நீராவி இயந்திரத்தை ஓட்டும் கைகளுக்கு நீராவியின் தத்துவமும் தெரிய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

கல்கத்தாவில் ஒரு பெயர்ப் பலகை

நம் நாட்டில் இந்த விதையை ஊன்றியவர் மகேந்திரலால் சர்க்கார் என்ற வங்காள மருத்துவர். அரசாங்கத்தின் தயவில் அல்லாமல், நன்கொடை திரட்டி, 1876-இல் கல்கத்தாவில் 'இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழக'த்தை அவர் நிறுவினார். பொதுமக்களுக்கான சொற்பொழிவுகளே அதன் தொடக்க காலப் பணி. பாதிரியார் லபோன் அங்கே பௌதிக சோதனைகளைச் செய்து காட்டி விளக்கினார்.

சர்க்கார் 1904-இல் காலமானார். கழகத்தில் முழு நேர ஆராய்ச்சி செய்ய ஆள் வரவில்லையே என்பது கடைசிவரை அவருக்குக் குறையாக இருந்தது. மூன்றாண்டுகள் சென்றபின், டிராம் வண்டியில் அலுவலகம் போய்க்கொண்டிருந்த ஓர் இளம் கணக்குத் துறை அதிகாரியின் கண்ணில் அக்கழகத்தின் பெயர்ப் பலகை பட்டது. அவர் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். அவர் திருச்சியில் பிறந்த சி. வி. இராமன். 1928 பிப்ரவரி 28-இல் 'இராமன் விளைவு' கண்டறியப்பட்டது அந்தக் கட்டடத்தில்தான்.

இவ்விரு வரலாறுகளையும் சேர்த்துப் பாருங்கள். பொதுமக்களுக்காகத் திறந்துவைத்த கதவு வழியாக ஒரு பாரடே வந்தார். ஓர் இராமன் வந்தார். யார் வருவார் என்று கதவைத் திறந்தவர்களுக்கு முன்கூட்டியே தெரியாது. அதனால்தான் கதவு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும்.

தெருவுக்கு வந்த விஞ்ஞானம்

கல்கத்தாக் கழகத்தின் சொற்பொழிவுகள் ஆங்கிலத்தில் நடந்தன. ஆங்கிலம் அறியாதவருக்கு அது சாத்திய கதவுதான். தமிழில் விஞ்ஞானம் சொல்ல முடியுமா என்று படித்தவர்களே ஐயுற்ற காலம் ஒன்று இருந்தது. அந்த ஐயத்தை வாதத்தால் அல்ல, எழுதிக் காட்டியே போக்கியவர்களில் முதன்மையானவர் பெ. நா. அப்புசுவாமி. 1891-இல் பிறந்து 1986 வரை வாழ்ந்த இவர், தொழிலால் வழக்கறிஞர். ஆயினும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, அணு முதல் அண்டம் வரை நல்ல தமிழில் எழுதினார்.

எழுத்து வந்தது; ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வது? இதற்கு வழி காட்டியது கேரளம். அங்கே 1962-இல் தோன்றிய சாஸ்திர சாகித்ய பரிஷத், தொடக்கத்தில் விஞ்ஞான எழுத்தாளர்களின் சங்கமாகத்தான் இருந்தது. பிறகு அது ஊர் ஊராக நடக்கத் தொடங்கியது. பாட்டு, தெருக்கூத்து, நாடகம் ஆகியவற்றின் மூலம் சுகாதாரத்தையும் சூழலையும் பேசியது. தமிழ்நாட்டில் 1980-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் உருவாயிற்று. 1987-இல் நாடெங்கும் 'பாரத ஜன விஞ்ஞான ஜாதா' நடந்தது. பல மூலைகளிலிருந்தும் புறப்பட்ட கலைக்குழுக்கள் நவம்பர் 7-ஆம் நாள், மேரி கியூரியும் இராமனும் பிறந்த அந்த நாளில், போபால் நகரில் கூடின. போபாலை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? 1984-இல் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட ஊர் அது. தம் வீட்டருகே தொழிற்சாலையில் என்ன இருக்கிறது என்பதை மக்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதே அந்த ஊர் கற்பித்த பாடம்.

அதன் பின்னர் விஞ்ஞானக் கூட்டங்கள் மொட்டை மாடிக்கும் மைதானத்துக்கும் வந்தன. 2004 ஜூன் 8-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து சென்றபோதும், 2019 டிசம்பர் 26-இல் வளைய சூரிய கிரகணம் தோன்றியபோதும், தக்க கண்ணாடியுடன் தெருவில் நின்று பார்த்த தமிழர்கள் ஏராளம். கிரகணம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்த தலைமுறையின் பேரப் பிள்ளைகள் இவர்கள்!

கரையோர நடைகள்

சொற்பொழிவு இப்படி வளர, உலாவும் தன் வழியில் வளர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1970-களிலேயே சிலர் இரவெல்லாம் நடந்து, முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைத் தேடிக் காத்தார்கள். 1988 முதல் மாணவர்கள் ஓர் அமைப்பாகவே இதைச் செய்து வருகிறார்கள். பருவ காலத்தில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். வங்கி ஊழியரும் தையற்காரரும் குடும்பத் தலைவியும் நள்ளிரவில் மணலில் நடந்து, ஆமையின் தடத்தைக் கையால் தொட்டுப் பார்க்கிறார்கள். 1978-இல் தொடங்கிய சென்னை இயற்கை ஆர்வலர் சங்கமும் இதே போலப் பறவை பார்க்கும் உலாக்களை நடத்தி வருகிறது.

கடலோர மக்களுக்கே உரிய மற்றொரு சோதனை புதுவையில் நடந்தது. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள கிராமங்களில் தகவல் மையங்களை நிறுவியது. வீராம்பட்டினம் என்ற மீனவர் ஊரில், அன்றன்றைக்கு அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்ற முன்னறிவிப்பைக் கணினியில் பெற்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அலை உயரம் என்பது அங்கே பாடப் புத்தகச் செய்தி அல்ல. படகைத் தள்ளுவதா வேண்டாமா என்ற கேள்வி. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு என்ற ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னார். அதே போன்ற மையத்தின் ஒலிபெருக்கி ஊரை எழுப்பியது. மக்கள் வெளியேறி உயிர் தப்பினார்கள். எச்சரிக்கை சொல்லக் கருவி மட்டும் போதாது. அந்தக் கருவியின் குரலை நம்பிக் கேட்கும் பழக்கமும் ஊருக்கு இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் பல ஆண்டுகளாக அன்றாடம் பேசிப் பேசி வளர்ந்தது.

பழவேற்காடு: வந்தவர்களும் இருந்தவர்களும்

இனி நம் ஏரிக்கு வருவோம். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தெற்கு முனை தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கின்றன. தெற்கே ஆரணி ஆறும், வடமேற்கே காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு கடலை மறைத்து நிற்கிறது. பரந்து கிடந்தாலும், ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். ஆள் இறங்கி நடக்கலாம். பூநாரையும் இறங்கி நடக்கலாம்.

வெளியூரார் இந்த ஏரிக்கு வருவது புதிதல்ல. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டித் துணி வாணிகம் செய்தார்கள். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் ஊரில் உள்ளன. விஞ்ஞானம் வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1910-ஐ ஒட்டி இந்த ஏரியில் ஆளி எனப்படும் சிப்பியை வளர்க்க முயன்றார். இந்தியாவில் சிப்பி வளர்ப்பின் முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று. பிற்காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி. ஜே. சஞ்சீவராஜ் பல பத்தாண்டுகள் இந்த ஏரியை ஆராய்ந்தார். ஏரியின் உயிரினங்களைப் பற்றிய அவரது தொகுப்பை 2006-இல் தேசியப் பல்லுயிர் ஆணையம் வெளியிட்டது.

இன்று உலா வருவோர் இன்னும் அதிகம். 2001 முதல் ஆந்திரப் பகுதியில் சூளூர்ப்பேட்டையில் பூநாரைத் திருவிழா நடந்து வந்திருக்கிறது. 2019-இல் ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்கள் அமர்ந்து ராக்கெட் ஏவுதலைப் பார்க்க அரங்கம் திறக்கப்பட்டது. ஏரியில் படகு உலா போவோரும் உண்டு. 2011 டிசம்பர் 25-இல் அத்தகைய படகு ஒன்று கவிழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். படகு எத்தனை பேரைத் தாங்கும் என்பதும் விஞ்ஞானம்தான். மிதவைக் கவசமின்றி எந்த உலாவும் வேண்டாம்.

வருகிறவர்கள் பறவையைப் பார்க்கிறார்கள்; ராக்கெட்டைப் பார்க்கிறார்கள்; கோட்டையைப் பார்க்கிறார்கள். இவற்றுக்கு நடுவே வலையை உதறிக்கொண்டு நிற்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. அவரிடம் கேட்க என்ன இருக்கிறது என்கிறீர்களா?

வலைக்குள் இருக்கும் விஞ்ஞானம்

நம் கடற்கரை மீனவர் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கிறார்: வடக்கிலிருந்து வீசுவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம். கடல் நீரோட்டத்துக்கும் பெயர் உண்டு. சென்னைக் கரையில் வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. பருவக் காற்று மாறும்போது வங்கக் கடலின் கரையோர நீரோட்டம் திசை மாறுகிறது என்று கடலியல் நூல்கள் கூறுவதை இவர்கள் இரண்டு சொற்களில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, 'பாடு' என்ற ஏற்பாட்டைப் பாருங்கள். ஏரியில் எல்லா இடமும் ஒரே மாதிரி விளையாது. முகத்துவாரத்துக்கு அருகே இறால் அதிகம். தள்ளிப் போகப் போகக் குறைவு. நல்ல இடத்தை வலுத்தவன் பிடித்துக்கொள்ளாமல் இருக்க என்ன செய்வது? பழவேற்காட்டின் சில குப்பங்களில், சுத்துவலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது பரம்பரை வழக்கம். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறிடம். நீண்ட நாளில் எல்லாருக்கும் சராசரி ஒன்றாகிவிடும். நிகழ்தகவுக் கணிதத்தின் அடிப்படை உண்மை இது. மருந்து ஆராய்ச்சியிலும் பயிர் ஆராய்ச்சியிலும் பாரபட்சத்தைத் தவிர்க்க இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் கைக்கொண்டதும் இதே குலுக்கல் முறைதான். பாடு உரிமை ஏரியில் பிழைக்கும் எல்லாச் சமூகத்தாருக்கும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த வழக்கும் பூசலும் இன்னும் தீராதவை.

அந்த உரிமையற்றவர்களில் இருளர்களும் உண்டு. இருளர் பெண்கள் சேற்று நீரில் குனிந்து, கையால் தடவித் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போடுகிறார்கள். எந்த மாதத்தில் எந்தச் சேற்றில் எந்த இறால் இருக்கும் என்பது அவர்கள் விரல்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. மீனவர் அறிவு பெரிது என்று புகழ்ந்துவிட்டு நகர்வதும் ஒருவகை அலட்சியமே. அனுபவம் 'எப்போது, எங்கே' என்பதைச் சொல்லும். 'ஏன்' என்பதற்கும் 'இனி என்ன ஆகும்' என்பதற்கும் அளவையும் ஒப்பீடும் தேவை. ஏரி பழைய ஏரியாக இருக்கும்வரை அனுபவம் போதும். ஏரி மாறத் தொடங்கினால் பாட்டன் சொன்ன கணக்குப் பொய்த்துப் போகும். அப்போதுதான் இரு அறிவும் ஒரே பாயில் உட்கார வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் உலாவுக்கு நான்கு பாடங்கள்

அப்படி ஓர் உலாவைப் பழவேற்காட்டில் நடத்தினால் என்னென்ன பார்க்கலாம்? விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

முதலாவது, நிழல் கடிகாரம். ஊரிலுள்ள பள்ளிவாசல் ஒன்றில் சூரிய நிழலால் நேரம் காட்டும் கடிகாரம் இருக்கிறது. அது கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. ஏன்? நம் கைக்கடிகாரம் காட்டுவது 82.5 பாகை தீர்க்க ரேகையின் நேரம். பழவேற்காடோ சுமார் 80.3 பாகையில் இருக்கிறது. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகிறது; எனவே இங்கே உச்சிப் பொழுது ஏறத்தாழ 9 நிமிடம் தாமதம். அதோடு, பூமியின் பாதை சரியான வட்டமல்ல. அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. இவற்றால் பிப்ரவரி நடுவில் இன்னும் 14 நிமிடம் தாமதமாகும். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். ஆகவே பிப்ரவரியில் பழவேற்காட்டின் உச்சிவேளை சுமார் 12.23, நவம்பரில் சுமார் 11.53. ஒரு குச்சியை நட்டு நிழலை அளந்து நீங்களே சரிபார்க்கலாம்.

இரண்டாவது, உப்புச் சோதனை. முகத்துவாரம், ஏரியின் நடுப்பகுதி, ஆரணி ஆறு சேரும் இடம் ஆகிய மூன்றிலிருந்தும் ஒவ்வொரு லிட்டர் நீர் எடுத்து வற்றக் காய்ச்சுங்கள். கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு மிஞ்சும். மழைக் காலத்தில் ஆற்றோரத்தில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. கடும் கோடையில், முகத்துவாரம் அடைபட்டிருந்தால், ஏரி நீரில் 50 கிராமுக்கு மேலும் மிஞ்சக்கூடும். அதாவது கடலைவிட ஏரி கரிக்கும்! காரணம் எளிது. வெயில் நீரை மட்டுமே கொண்டுபோகிறது; உப்பை விட்டுவிடுகிறது.

மூன்றாவது, முகத்துவாரம். இங்கேதான் நம் முதல் கேள்விக்கு விடை கிடைக்கிறது. சந்திரனும் சூரியனும் கடலை இழுக்கின்றன. சூரியனின் பங்கு சந்திரனுடையதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஓதம் அதிகம். அஷ்டமியை ஒட்டி ஒன்றுக்கொன்று குறுக்கே இழுப்பதால் குறைவு. ஓதம் ஏறும்போது கடல் நீர் ஏரிக்குள் பாய்கிறது, இறங்கும்போது வெளியேறுகிறது. இந்தப் போக்குவரத்துதான் முகத்துவாரத்து மணலைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. மழை குறைந்த மாதங்களில் ஆற்றுநீரின் உதவி நின்றுபோகும். அப்போது அலை கொண்டுவந்து கொட்டும் மணல் வென்று, வாய் அடைபடுகிறது.

வாய் அடைபட்டால் யாருக்கு நட்டம்? பல வகை இறால்கள் கடலில் முட்டையிடுகின்றன. அவற்றின் குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. வாசல் அடைத்த வீட்டுக்குள் குழந்தை எப்படி வரும்? இறால் வராவிட்டால் பாடும் இல்லை, பறியும் நிரம்பாது. உப்பும் ஆழமும் மாறினால், ஆழமற்ற நீரில் அலகைத் தலைகீழாக வைத்துச் சலித்து உண்ணும் பூநாரைக்கும் பாதிப்பு உண்டு. பறவை பார்க்க வருபவரும் மீன் பிடிப்பவரும் கவலைப்பட வேண்டிய பொருள் ஒன்றே.

நான்காவது, ராக்கெட். 1971 அக்டோபர் 9-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ரோகிணி ராக்கெட் பறந்தது. 1980 ஜூலை 18-இல் எஸ்.எல்.வி.-3 வெற்றி பெற்றது. கிழக்கே கடல் இருப்பதால் கழன்று விழும் பாகங்கள் ஊர்மேல் விழா. பூமியின் சுழற்சியும் இந்த இடத்தில் கிழக்கு நோக்கி விநாடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தை இலவசமாகத் தருகிறது. ராக்கெட் ஏவும் நாளில் அந்தக் கடற்பகுதிக்குள் படகு போகக்கூடாது என்று மீனவருக்கு உத்தரவு வருகிறதே, அதன் காரணம் இதுதான். ஏவுதளம் பழவேற்காட்டு ஊரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். நெருப்பு உடனே தெரியும். முழக்கம் வந்து சேர 100 விநாடிக்கு மேல் ஆகும். விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இதே கணக்குதான். நடுக்கடலில் இடிமழை நெருங்குகிறதா, விலகுகிறதா என்று அறிய உதவும் கணக்கு இது!

கேட்க வேண்டிய கேள்விகள்

இதெல்லாம் பொழுதுபோக்குதானே என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. சென்னைத் துறைமுகம் 1870-களில் கட்டத் தொடங்கப்பட்டபின், தெற்கே மெரினாவில் மணல் குவிந்தது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் அரித்தது. ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வதும், குறுக்கே நீட்டிய சுவர் அதைத் தடுப்பதுமே காரணம். தெண்டி என்ற சொல்லை அறிந்தவருக்கு இது ஒரு நொடியில் புரியும். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. அடுத்த பத்தாண்டில் அதன் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. அங்கிருந்து மேலும் வடக்கே இருப்பது பழவேற்காடு முகத்துவாரம்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, 2021 ஜனவரியில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டு, பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்பது இக்கட்டுரையின் வாதம் அல்ல. 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி, இத்தகைய திட்டங்களின் சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் தரப்பட வேண்டும். முழு அறிக்கை ஆங்கிலத்திலேயே இருக்கலாம். மணல் நகர்வு, உப்பளவு, ஓதம், நீரோட்டம் பற்றிய பட்டியல்கள் அந்த முழு அறிக்கையில்தான் இருக்கும். தன் ஏரியைப் பற்றிய எண்களைத் தானே படித்து, "இந்த மாதத்தில் அளந்தீர்களா? அந்த மாதத்தில் ஏன் அளக்கவில்லை?" என்று கேட்கக்கூடிய மீனவர் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றால், கூட்டத்தின் தரமே மாறிவிடும். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்; தவறாகவும் இருக்கலாம். ஆனால் பதில் சொல்லியாக வேண்டும்.

லண்டன் பட்டறைத் தொழிலாளிக்கு நீராவியின் தத்துவம் தேவைப்பட்டது போல, போபால் மக்களுக்கு அந்த வாயுவின் பெயர் தேவைப்பட்டது போல, பழவேற்காட்டு மக்களுக்கு மணலின் கணக்குத் தேவைப்படுகிறது. இருநூறு ஆண்டு வரலாறு நமக்குச் சொல்வது இதுதான்.

மாணவ நண்பர்களே, ஆசிரியர்களே, உங்கள் ஊரிலும் இதைத் தொடங்கலாம். மண்டபம் வேண்டாம்; வலை பின்னும் கொட்டகை போதும். நேரத்தை ஊரார் குறிக்கட்டும். தொழிலுக்குப் போகும் வேளையில் கூட்டம் வைத்தால் நாற்காலிகள்தான் கேட்கும். பெண்கள் மீன் விற்றுத் திரும்பிய பிறகு அவர்களுக்கும் இடம் இருக்கட்டும். விஞ்ஞானம் படித்தவர் அரை மணி பேசட்டும். ஏரியில் பிழைப்பவர் அரை மணி பேசட்டும். மிச்ச நேரம் கேள்விகளுக்கு. முகத்துவாரம் எந்த நாளில் அடைந்தது, எந்த நாளில் திறந்தது, ஒரு லிட்டர் நீரில் எத்தனை கிராம் உப்பு என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாதந்தோறும் தமிழில் எழுதி வையுங்கள். பத்து ஆண்டுகள் விடாமல் எழுதினால், எந்த நிபுணரும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டிய ஆவணம் அது. செலவு, ஒரு நோட்டும் ஒரு பேனாவும், கொஞ்சம் விறகும்தான்.